துறைமுகப் பெயரும் வாழிடப் பெயரும்: பழவேற்காட்டு நெய்தல் தாவரங்கள் அறிவியல் பதிவு பெற்ற வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

தாவரங்களுக்கு அறிவியல் பெயரிடும் இன்றைய முறைக்கு, 1753ஆம் ஆண்டு கார்ல் லின்னேயஸ் வெளியிட்ட 'ஸ்பீசிஸ் பிளாண்டாரம்' தொடக்க நூலாகக் கொள்ளப்படுகிறது. சோழமண்டலக் கரையின் செடிகள் அதற்கு அரை நூற்றாண்டிற்கு முன்பே தமிழ்ப் பெயர்களோடு இலண்டனைச் சென்றடைந்துவிட்டன. பழவேற்காடு ஏரிக்கரையிலும் அதனைச் சார்ந்த மணற்கரையிலும் காணப்படும் அடும்பு, தில்லை, கண்டல், சாயவேர், உமரி ஆகியவற்றின் பெயரீட்டு வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. அப்பெயரீட்டில் செடியின் உருவம் காக்கப்பட்ட அளவிற்கு அது வளர்ந்த நிலம் காக்கப்படவில்லை என்பதும், மீனவர் ஊர்களின் வழக்குச் சொற்கள் அக்குறையை நிரப்பத்தக்க சான்றுகள் என்பதும் இக்கட்டுரையின் கருத்துகளாகும்.

திறவுச்சொற்கள்: பழவேற்காடு, நெய்தல், தாவரப் பெயரீடு, வாழிடம், உமரி, சாயவேர், மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு.

முன்னுரை

ஒரு செடி 'புதிய இனம்' என்று அறிவிக்கப்படும்போது, அது உலகிற்குப் புதியது என்று பொருளன்று; பதிவேட்டிற்குப் புதியது என்பதே பொருள். அச்செடியை உணவாகவோ மருந்தாகவோ சாயமாகவோ பயன்படுத்திய மக்கள் அதனைப் பல தலைமுறைகளாக அறிந்திருப்பர். இவ்வுண்மை பலராலும் எடுத்துக்காட்டப்பட்டதே. எனினும் பதிவேட்டில் ஏறும்போது செடியைப் பற்றிய எந்தச் செய்தி உடன் சென்றது, எது கரையிலேயே தங்கிவிட்டது என்னும் வினா தமிழகக் கடற்கரையைப் பொறுத்தவரை போதிய கவனம் பெறவில்லை. அவ்வினாவிற்குப் பழவேற்காடு பொருத்தமான களமாகும். டச்சுக் கம்பெனியின் சோழமண்டலத் தலைமையிடமாக விளங்கிய ஊர் அது. உவர்நிலத் தாவரங்களும் அவற்றை அறிந்த மீனவர் ஊர்களும் இன்றும் அங்கு ஒருங்கே உள்ளன.

பழவேற்காடு: நிலமும் பெயரும்

தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டத்திலும் ஆந்திர மாநிலத்திலும் பரவியுள்ள பழவேற்காடு ஏரி, சிலிகா ஏரிக்கு அடுத்ததாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர்க் காயலாகும். இதன் பெரும்பகுதி ஆந்திர எல்லைக்குள் அமைந்துள்ளது. ஸ்ரீஹரிகோட்டாத் தீவு இதனை வங்கக் கடலிலிருந்து பிரிக்கிறது. தெற்கே ஆரணியாறும் வடமேற்கே காளங்கியாறும் இதில் கலக்கின்றன; பக்கிங்காம் கால்வாய் இதன் வழியே செல்கிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஆற்றுநீர் பெருகி ஏரியின் உவர்ப்புக் குறையும். கோடையில் முகத்துவாரத்தை மணல் அடைக்கும்போது நீர் வற்றி, உவர்ப்புக் கடல்நீரையும் விஞ்சும். ஓராண்டிற்குள் நன்னீருக்கு அண்மையான நிலையிலிருந்து கடும் உவர்ப்பு வரை மாறும் இந்நிலத்தில் எல்லாச் செடியும் நிலைப்பதில்லை.

ஊர்ப்பெயரே ஒரு தாவரச் சான்றாகும். 'பழைய வேர்களின் காடு' என்னும் விளக்கம் பரவலாக வழங்குகிறது. அலையாத்திக் காட்டின் வேர்களை அது நினைவூட்டுகிறது. ஆயினும் புணர்ச்சி விதி இதற்கு இடந்தரவில்லை. வேர் என்பதும் காடு என்பதும் புணர்ந்தால் 'வேர்க்காடு' என்றாகும். வேல் என்பதும் காடு என்பதும் புணரும்போதே லகரம் றகரமாகத் திரிந்து 'வேற்காடு' என்றாகும். சென்னைக்கு அருகிலுள்ள திருவேற்காட்டின் பெயரும் வேலமரத்தோடு தொடர்புடையதே. எனவே பழவேற்காடு என்பது பழைய வேலங்காட்டைக் குறித்தது எனக் கொள்வதே மொழியியலுக்குப் பொருந்தும். தெலுங்கு வழக்கில் பிரளயகாவேரி என்ற பெயரும் உண்டு. ஐரோப்பியர் நாவில் இது 'புலிகாட்' ஆனபோது காடும் மரமும் பெயரிலிருந்து மறைந்து, துறைமுகம் மட்டும் எஞ்சியது. செடிகளின் பெயர்களுக்கு நேர்ந்ததும் இதனை ஒத்ததே.

நெய்தல் திணையின் வாழிடச் சொற்கள்

சங்க இலக்கியம் நெய்தல் நிலத்தை ஒரே பரப்பாகக் காணவில்லை. மரம் செறிந்த கடற்கரைச் சோலை கானல் எனப்பட்டது. அலையும் காற்றும் குவித்த மணல்மேடு எக்கர். கடல்நீர் உட்புகும் உவர்நீர்ப் பரப்பு கழி. நீரை அடுத்த கரை அடைகரை. எக்கரில் அடும்பு படர்வதும், கானலில் புன்னையும் ஞாழலும் நிற்பதும், கழியோரத்தில் தாழை வேலியிடுவதும் நெய்தற் பாடல்களில் மீண்டும் மீண்டும் வரும் காட்சிகள். கபிலரின் குறிஞ்சிப்பாட்டு அடுக்கும் 99 மலர்களில் அடும்பும் தில்லையும் இடம்பெறுவது, குறிஞ்சிநிலப் பாடலிலும் கடற்கரைச் செடிகள் அறியப்பட்டிருந்தமையைக் காட்டுகிறது.

இச்சொற்களை இன்றைய சூழலியல் வகைப்பாட்டிற்கு முழுமையாக நிகரானவை என்று கொள்வது மிகையாகும். அவை கவிதைக்குரிய முதற்பொருள், கருப்பொருள் அமைப்பின் உறுப்புகள். எனினும் ஒரு செடியை அதன் நிலக்கூற்றோடு இணைத்தே சொல்லும் வழக்கம் இம்மொழியில் பழைமையானது என்பதற்கு அவை உறுதியான சான்று. அவ்வழக்கம் அச்சுப் பதிவிற்குள் எவ்வளவு நுழைந்தது என்பதே அடுத்து ஆராயத்தக்கது.

பதினேழாம் நூற்றாண்டின் இறுதி: தமிழ்ப் பெயரோடு சென்ற செடிகள்

டச்சுக்காரர் 1613இல் பழவேற்காட்டில் கெல்டிரியாக் கோட்டையை அமைத்தனர். 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்திற்கு மாற்றப்படும் வரை அவர்களின் சோழமண்டல வணிகம் இவ்வூரை மையமாகக் கொண்டது. அக்காலத்தில் டச்சு ஆதரவில் உருவான பெருந்தாவர நூல் மேற்குக் கரையைச் சார்ந்தது. ஹென்ட்ரிக் வான் ரீடின் 'ஹோர்டஸ் மலபாரிகஸ்' 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வெளிவந்தது. அதில் செடிகளின் பெயர்கள் மலையாள எழுத்திலும் பொறிக்கப்பட்டன. தகவல் தந்த மருத்துவர் இட்டி அச்சுதனின் சான்றுரை முதல் தொகுதியில் அச்சேறியது.

கிழக்குக் கரையில் இப்பணி ஆங்கிலேயரின் சென்னைக் கோட்டையிலிருந்து நிகழ்ந்தது. புனித ஜார்ஜ் கோட்டையின் அறுவை மருத்துவர் சாமுவேல் பிரௌன் 1690களில் சென்னைச் சுற்றுப்புறத்துச் செடிகளை உலர்த்தி இலண்டனுக்கு அனுப்பினார். அவருக்குப் பின் எட்வர்ட் பல்க்லி அப்பணியைத் தொடர்ந்தார். இலண்டன் மருந்து வணிகர் ஜேம்ஸ் பெட்டிவர் இச்செடிகளைப் பற்றிய குறிப்புகளை ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் 1698 முதல் வெளியிட்டார். செடியின் உருவ விளக்கத்தோடு அதன் 'மலபார்' பெயரும் மருத்துவப் பயனும் அவற்றில் தரப்பட்டன. அக்கால ஐரோப்பியர் தமிழையே மலபார் மொழி என்றனர் என்பதால், இவை உரோமன் எழுத்தில் அச்சான தமிழ்ப் பெயர்களாகும். அவ்வுலர்மாதிரிகள் ஹான்ஸ் ஸ்லோனின் தொகுப்பு வழியாக இன்று இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளன.

இத்தொகுப்பு தமிழாய்வாளருக்கு இரு வகையில் இன்றியமையாதது. ஒன்று, முந்நூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட வட்டார வழக்குப் பெயர்களை அவை குறித்த செடியோடு சேர்த்தே சரிபார்க்க இது வாய்ப்பளிக்கிறது. நிகண்டுகளில் இவ்வாய்ப்பு இல்லை. மற்றொன்று, தகவல் தந்தோரின் மறைவு. இட்டி அச்சுதனுக்குக் கிடைத்தது போன்ற சான்றுரை சென்னைச் செடிகளுக்குப் பெயர் சொன்னவர்களுக்கு அமையவில்லை. பெயர்கள் சென்றன, பெயர் சொன்னவர்கள் பதிவில் இல்லை.

1753: பெயர் தங்கிய துறைமுகங்கள்

லியோனார்ட் புளூக்நெட் 1691 முதல் வெளியிட்ட நூல்களில் சென்னைச் செடிகள் 'மதராசுபட்டினத்தைச் சார்ந்த' என்னும் அடையோடு இலத்தீன் நெடுந்தொடர்களாக இடம்பெற்றன. லின்னேயஸ் அந்நெடுந்தொடர்களை இருசொற் பெயராகச் சுருக்கியபோது அவ்வடைகள் சில இனப்பெயர்களாகவே நிலைபெற்றன. முசுமுசுக்கை 'குக்குமிஸ் மதராஸ்படானஸ்' ஆயிற்று; மேலாநெல்லி 'பில்லாந்தஸ் மதராஸ்பட்டென்சிஸ்' ஆயிற்று. பின்னாளில் தவசு முருங்கை தரங்கம்பாடியின் பெயரையும், ஒதியமரம் கோரமண்டலின் பெயரையும் தாங்கின. இவை செடி வளர்ந்த நிலத்தின் பெயர்கள் அல்ல. மாதிரி கப்பலேறிய இடத்தின் பெயர்கள். முசுமுசுக்கை வேலிகளில் படர்வது, மேலாநெல்லி கரம்பில் முளைப்பது ஆகிய செய்திகளை இப்பெயர்களிலிருந்து எவரும் அறிய இயலாது.

லின்னேயஸ் ஒவ்வோர் இனத்தின் கீழும் அது வாழும் நாட்டை ஒரு வரியில் குறித்தார். 'ஹாபிட்டாட்' என்னும் இலத்தீன் வினைச்சொல் 'வாழ்கிறது' எனப் பொருள்படும். 'இந்தியாவில் வாழ்கிறது' என்பது அந்நூலில் பலமுறை வரும் தொடர். அக்காலத்து 'இந்தியா' தென்கிழக்காசியத் தீவுகளையும் உள்ளடக்கியது. இன்று வாழிடம் என்னும் பொருளில் சூழலியலார் வழங்கும் 'ஹாபிட்டாட்' என்ற சொல் இவ்வழக்கிலிருந்தே பெயர்ச்சொல்லாக வளர்ந்தது. அச்சொல் பிறந்த இடத்தில் வாழிடம் பற்றிய செய்தி மிகக் குறைவாகவே இருந்தது என்பது வரலாற்று முரண்.

பழவேற்காட்டுக் கரைச் செடிகளின் பெயர்களைத் தொடர்ந்து சென்றால், அவற்றின் 'முதல் விளக்கம்' வேறு கரைகளில் நிகழ்ந்தமை புலனாகும். மணலில் படரும் அடும்பை வான் ரீடின் நூல் 'சோவன்ன அடம்பு' என்று படத்தோடு பதிவுசெய்தது. லின்னேயஸ் அதனை மேற்கோளாகக் கொண்டு, ஆட்டின் குளம்பை ஒத்த இலையைச் சுட்டும் இலத்தீன் பெயரிட்டார். சங்கப் பாடலின் அடும்பு என்னும் சொல் மலையாள வடிவில் அந்நூலின் துணைக்குறிப்பாக எஞ்சியது. தில்லையின் பேரினப் பெயரான 'எக்சிகேரியா' கண்ணைக் குருடாக்குவது என்னும் பொருளது. இந்தோனேசியாவின் அம்போன் தீவில் ரம்பியஸ் எழுதிய குறிப்புகளின் வழி வந்தது. பால் கண்ணில் பட்டால் தீங்கு என்பதைத் தில்லை வளரும் கரைகளில் வாழ்வோர் நன்கறிவர். வெண்கண்டலின் விளக்கம், அரேபியப் பயணத்தில் 1763இல் இறந்த பேர் போர்ஸ்காலின் நூலில் 1775இல் வெளிவந்தது. கடலோரச் செடிகள் பல நாட்டுக் கரைகளில் பரவி வாழ்பவை. அவற்றுள் எந்தக் கரை 'முதல் இடம்' ஆகிறது என்பதைத் தாவரத்தின் இயல்பைவிடக் கப்பல் வழிகளே முடிவு செய்தன.

சாயவேர்: சந்தை காத்த அறிவு

வாழிட அறிவு முழுமையாக அச்சேறிய செடியொன்றும் உண்டு. அதற்குக் காரணம் வணிகம். இம்பூரல் எனச் சித்த மருத்துவத்திலும் சாயவேர் எனச் சாயத்தொழிலிலும் வழங்கும் சிறுசெடி, கடற்கரை மணலில் நீண்ட வேர்விட்டு வளர்வது. அதன் வேரிலுள்ள அலிசரின் என்னும் சிவப்புச் சாயமே சோழமண்டலத் துணிகளுக்குப் புகழ் தந்தவற்றுள் ஒன்று. இத்துணிகளைக் கொடுத்துத் தென்கிழக்காசியாவில் நறுமணப் பொருள்களைப் பெற்ற டச்சு வணிகத்தில் பழவேற்காடு முதன்மை பெற்றிருந்தது. வண்ணக் கைக்குட்டையைக் குறிக்க 'புலிகாட்' என்னும் சொல்லே ஆங்கிலத்தில் வழங்கியது. இலங்கையின் வடபகுதியில் இவ்வேரை அகழ்வதையே தொழிலாகக் கொண்ட ஒரு பிரிவினர் இருந்தனர். டச்சு ஆட்சி அதன்மீது உரிமை கொண்டாடியது.

லின்னேயஸ் 1753இல் இதற்கு 'ஓல்டன்லாண்டியா அம்பெல்லாட்டா' என்று பெயரிட்டார். பேரினப் பெயர், நன்னம்பிக்கை முனையில் டச்சுக் கம்பெனியின் தோட்டத்தைக் கவனித்த ஓல்டன்லாண்டை நினைவுகூர்கிறது. வில்லியம் ராக்ஸ்பர்க் 1795இல் தொடங்கி வெளியிட்ட கோரமண்டல் கரைத் தாவர நூலின் முதல் தொகுதியிலேயே இச்செடியின் வண்ணப்படமும் சாயமிடும் முறையும் விரிவாக இடம்பெற்றன. 300 படங்கள் கொண்ட அந்நூலுக்கு ஓவியம் வரைந்தோர் இந்தியக் கலைஞர்கள். கரையோர மணலுக்கும் வேரின் தரத்திற்கும் உள்ள தொடர்பு கம்பெனிக்கு வருவாய் தரும் செய்தி. ஆகவே அது எழுதப்பட்டது. 1868இல் ஜெர்மானிய வேதியியலார் அலிசரினைச் செயற்கையாக உருவாக்கிய பின் வேரின் சந்தை சரிந்தது. நிலத்தைப் பற்றிய அக்கறையும் அதனோடு குறைந்தது. எந்த வாழிடம் பதிவுக்குரியது என்பதைச் சந்தை தீர்மானித்த காலத்திற்கு இது தெளிவான எடுத்துக்காட்டு.

உமரி: ஒரு செடி, நான்கு பேரினங்கள்

சந்தை மதிப்பற்ற உவர்ச்செடிகளின் நிலை வேறு. உமரி என்னும் தமிழ்ப் பெயர் சதைப்பற்றுள்ள உவர்நிலப் பூண்டுகள் பலவற்றைத் தழுவுவது. உமரிக்கீரையாக உண்ணப்படும் சுவேடா இனமும், இலையற்றதுபோல் கணுக்கணுவாக அமைந்த தண்டுடைய செடிகளும் இதில் அடங்கும். கரு உமரி போன்ற அடைமொழிகள் இவற்றை வேறுபடுத்துகின்றன. தூத்துக்குடி மாவட்டத்தில் உமரிக்காடு என்னும் ஊர்ப்பெயரே உண்டு.

தரங்கம்பாடி மறைத்தளத்தைச் சார்ந்த ராட்லர், கிளைன் ஆகியோர் சேகரித்த செடிகள் பெர்லினில் கார்ல் வில்டெனோவின் கைக்குச் சென்றன. ராட்லர் 1776இல் தமிழகம் வந்தவர். அவர் தொகுத்த தமிழ்-ஆங்கில அகராதி 1834 முதல் வெளிவந்ததால் தமிழுலகம் அவரை அகராதியாளராகவே அறியும். தரங்கம்பாடியிலிருந்து சென்னை சென்று திரும்பிய வழியில் கண்ட செடிகளைப் பற்றிய அவரது கட்டுரை, வில்டெனோவின் குறிப்புகளோடு 1803இல் வெளிவந்தது. செடியை வழியோடு இணைத்துக் காட்டும் அரிய பதிவு அது. பழவேற்காடு அவ்வழிக்கு வடக்கே இருந்தது.

வில்டெனோ 1799இல் கணுத்தண்டு உவர்ச்செடியொன்றிற்குச் 'சாலிகோர்னியா இண்டிகா' எனப் பெயரிட்டார். அவர் இந்தியா வந்தவர் அல்லர். உலர்மாதிரியே அவருக்குச் சான்று. சதைப்பற்றுள்ள தண்டு உலர்ந்தால் சுருங்கித் தன் வடிவை இழக்கும். ஓராண்டுச் செடிக்கும் பல்லாண்டுச் செடிக்கும் களத்தில் எளிதாகத் தெரியும் வேறுபாடு உலர்தாளில் மங்கிவிடும். இச்செடி 1840இல் 'ஆர்த்ரோக்நீமம்' என்னும் பேரினத்திற்கும், 1980இல் 'ஹாலோசார்சியா'விற்கும், 2007இல் 'டெக்டிகோர்னியா'விற்கும் மாற்றப்பட்டது. இறுதி இரு மாற்றங்களும் ஆஸ்திரேலிய ஆய்வாளரின் பணியால் அமைந்தவை. ராக்ஸ்பர்க் விவரித்த 'சாலிகோர்னியா பிராகியாட்டா' என்னும் ஓராண்டுச் செடியும் இதே நிலத்தில் வளர்வதால் இரண்டையும் பிரித்தறிவதில் இடர் மிகுந்தது.

இவ்விடருக்கு உலர்மாதிரியின் குறைபாடே முதன்மைக் காரணம். வாழிடக் குறிப்பு மட்டும் அதனைத் தீர்த்திருக்கும் என்று கூற இயலாது. எனினும் எச்செடி மழைக்குப் பின் புதிதாக முளைக்கிறது, எது கோடையில் கட்டைத்தண்டோடு நிற்கிறது, எது அலையேற்றம் தொடும் சேற்றில் உள்ளது, எது மேட்டு உவரில் உள்ளது என்னும் செய்திகள் மாதிரியோடு சேர்ந்திருப்பின் பிற்கால ஆய்வாளர் பணி எளிதாயிருக்கும். அச்செய்திகளைத் தரத்தக்கோர் ஏரிக்கரையில் வாழ்ந்தனர். அவர்களிடம் கேட்கும் நடைமுறை அமையவில்லை. உமரி இன்று மீண்டும் பயன்பொருளாகியுள்ளது. பாவ்நகரிலுள்ள மத்திய உப்பு மற்றும் கடல்வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம் சாலிகோர்னியாவிலிருந்து தாவர உப்பு எடுக்கும் முறையை உருவாக்கியுள்ளது.

மீனவர் ஊர்களும் இன்றைய பதிவும்

கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர்மாதாகுப்பம் முதலிய ஊர்களின் மீனவர், ஏரியின் மீன்பிடி இடங்களைப் 'பாடு' என்னும் சுழற்சி முறையில் பகிர்ந்துகொள்வர். எந்நாளில் எவ்விடம் எவர்க்கு என்பது சீட்டால் முடிவாகும். இம்முறை நிலைக்க வேண்டுமாயின் நீரின் ஒவ்வொரு பகுதிக்கும் எல்லையும் பெயரும் தேவை. எங்கே கடற்புல் அடர்ந்துள்ளது, எங்கே சேறு, எங்கே மணல் என்பது இறால் கிடைக்கும் அளவோடு தொடர்புடைய செய்தியாதலால், வாழிட வேறுபாடு பிழைப்பின் ஒழுங்காகவே அமைந்துள்ளது. கரையோரச் சேற்றில் கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளர் மக்களின் அறிவும், பனையோலை பின்னும் ஜமீலாபாத் பெண்களின் அறிவும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கவை.

ஏரியின் விலங்குகளைப் பற்றிப் பி. ஜே. சஞ்சீவராஜ் எழுதிய நூலைத் தேசியப் பல்லுயிர் ஆணையம் 2006இல் வெளியிட்டது. சென்னைச் சுற்றுப்புறத்துப் பூக்கும் தாவரங்களுக்குச் சென்னை அருங்காட்சியகத்தின் மயூரநாதன் 1929இல் நூலொன்று அளித்துள்ளார். இவை உறுதியான அடித்தளங்கள். ஆயினும் பன்னாட்டுத் தாவரப் பெயரீட்டு விதிகள் இன்றும் வாழிடக் குறிப்பையோ வட்டாரப் பெயரையோ கட்டாயமாக்கவில்லை. உருவ விளக்கமும் வகைமாதிரியும் இருந்தால் பெயர் செல்லுபடியாகும். 2012 சனவரி 1 முதல் இலத்தீனுக்கு மாற்றாக ஆங்கில விளக்கமும் ஏற்கப்படுகிறது. மொழிக் கட்டுப்பாடு தளர்ந்தபோதும் நிலச்செய்தி விருப்பத்திற்குரியதாகவே உள்ளது.

இக்குறையை நிரப்பக்கூடிய சட்ட ஏற்பாடு 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டமாகும். உள்ளாட்சி அளவிலான பல்லுயிர் மேலாண்மைக் குழுக்கள் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடுகளைத் தொகுக்க வேண்டும் என்று அது வகுக்கிறது. உள்ளூர்ப் பெயர், வளரும் இடம், பருவம், பயன் ஆகியன அதில் இடம்பெறும். பெட்டிவரின் குறிப்புகளில் மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் பாதியளவில் நிகழ்ந்த பணியை, தகவல் தருவோரின் பெயரோடும் இசைவோடும் முழுமையாக்கும் வாய்ப்பு இதில் உள்ளது.

அப்பணிக்கு அவசரமும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் சென்னை மாகாணத்தில் விறகுக்காக நடப்பட்ட சீமைக்கருவேல் இன்று உவர்நில ஓரங்களைக் கைப்பற்றியுள்ளது. பழைய வேலங்காட்டின் பெயரைத் தாங்கிய ஊருக்குப் புதிய வேல் வந்துவிட்டது. தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத் திட்டத்தை மீனவர் ஊர்கள் எதிர்த்து வருகின்றன. இத்தகைய வழக்குகளில் 'தரிசு' என்று குறிக்கப்படும் உவர்நிலம் உண்மையில் எவ்வெச் செடிகளின், எவ்வெத் தொழில்களின் இடம் என்று காட்டுவதற்குப் பதிவே சான்று. பெயரும் எல்லையும் எழுதப்படாத நிலம் ஆவணத்தில் வெற்றிடமாகவே தோன்றும்.

முடிவுரை

பழவேற்காட்டு நெய்தல் தாவரங்களின் பெயரீட்டு வரலாறு மூன்று நிலைகளைக் காட்டுகிறது. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் செடியோடு தமிழ்ப் பெயரும் பயனும் சென்றன. சொன்னவர் பெயர் விடுபட்டது. லின்னேயஸ் காலத்தில் தமிழ்ப் பெயரும் பின்னணிக்குச் சென்று, துறைமுகப் பெயர் நிலைபெற்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் உலர்மாதிரியின் அடிப்படையிலேயே பேரினங்கள் மாறிவந்தன. வாழிடச் செய்தி வணிகப் பயனுள்ள சாயவேர் போன்றவற்றிற்கே விரிவாகக் கிடைத்தது.

தமிழாய்வாளர் மேற்கொள்ளத்தக்க பணிகள் இரண்டு. ஸ்லோன் தொகுப்பிலுள்ள சென்னைச் செடிகளின் தமிழ்ப் பெயர்களைத் தமிழ்ப் பேரகராதியோடும் இன்றைய கடற்கரை வழக்கோடும் ஒப்பிட்டுப் பதிப்பிப்பது ஒன்று. பழவேற்காட்டு மீனவர் ஊர்களில் வழங்கும் நிலக்கூற்றுச் சொற்களையும் பாட்டு இடப்பெயர்களையும் அவ்வவ்விடச் செடிகளோடு சேர்த்துத் தொகுப்பது மற்றொன்று. இவ்விரண்டும் தாவரவியலாரோடு இணைந்து செய்யப்படின், இக்கரையில் இனி விவரிக்கப்படும் எந்தச் செடிக்கும் அதன் நிலமும் அதனை அறிந்தோரின் பெயரும் பதிவில் உடனிருக்கும்.